கதவுக்கு எந்தப் பக்கம்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் 'இதுவா அதுவா'. கடைக்கு வருகிறவரை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த சோதனை பிரேமை மாட்டி, லென்ஸைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "எது தெளிவா இருக்கு? இதுவா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. பெயரை வைத்தவன் நான்தான். பின்னறையில் லென்ஸை வெட்டித் தேய்த்து பிரேமுக்குள் உட்காரவைப்பவன். எனக்கும் அவளுடைய இருட்டறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் உண்டு. இயந்திரத்தை நிறுத்தினால் அவள் பெருமூச்சு விடுவதுகூடக் காதில் விழும்.

வருகிறவர்கள் முதலில் திணறுவார்கள். தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடியைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். கடைசியில், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எனக்குத் தெரியலை" என்று கையை விரிப்பார்கள். தோற்றுவிட்டதாக அவர்கள் நினைப்பு. இவளுக்கோ அந்த வார்த்தைதான் வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒன்றாகத் தெரிந்தால் பவர் சரியாக வந்து நின்றுவிட்டது என்று பொருள். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று விளக்கைப் போடுவாள்.

சொந்த விஷயத்தில்தான் அவளுக்கு எதுவும் முடியாது. டீயா காபியா என்று கேட்டால், அவள் பதில் சொல்வதற்குள் இரண்டும் ஆறிவிடும்.

வீட்டில் அம்மா, ஒரு தம்பி. அப்பா போன பிறகு இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. தம்பி ஓர் அச்சகத்தில் இருந்தான். அந்த வேலை போன அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன், ஏறக்குறைய ஒரு வருஷம் முகம் காட்டவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறைக்கு வந்துபோவான். கதவுக்கு வெளியே வைத்த தட்டு விடிந்து பார்த்தால் பாதி காலியாக இருக்கும். அம்மா கதவில் நெற்றியை வைத்து அழுவாள். இவள் கதவை உதைப்பாள். உதைத்துவிட்டு மறுநாள் கடையில் வந்து கொட்டுவாள்.

"நடிப்புண்ணே. சுத்த நடிப்பு. வேளாவேளைக்குத் தட்டு வருதுல்ல, அந்தக் கொழுப்பு."

நாங்கள் சும்மா இருப்போமா? "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று ஆளுக்கு ஆள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினோம். என் குரல்தான் அதில் பெரிய குரல்.

ஒரு நாள் காலை முகமெல்லாம் பல்லாக வந்தாள். "நேத்து நல்லா உறைக்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டேண்ணே. காலையில கதவைத் திறந்துக்கிட்டு வந்து நிக்கிறான்!"

கடையே கை தட்டியது. அது என்ன வார்த்தை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று பிடித்தது அவளுக்கு இந்தப் பைத்தியம். ஆளை நிமிர்த்தத் தெரிந்தவள் என்று தன்னைப் பற்றி ஓர் எண்ணம். 'மனசு டாக்டர்' என்று நாங்கள் ஏற்றிவிட்டது வேறு. தபால் வழியில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். கூட்டம் இல்லாத மதியங்களில், இருட்டறையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பாள். முதல் வருஷம் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு மனநோயின் பெயரைச் சூட்டினாள். முதலாளிக்கு மட்டும் இரண்டு.

இரண்டாம் வருஷத்தின் நடுவில் ஒரு மதியம் புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தடுப்பின் மேல் எட்டிப் பார்த்து, "என்ன, தலைவலியா?" என்றேன்.

"இல்லண்ணே. எங்க வீட்டைப் பத்திப் போட்டிருக்கு."

அதன் பிறகு அவள் யாருக்கும் நோய் சொல்லவில்லை. ஆனால் படிப்பை விடவும் இல்லை. முன்னைவிட மும்முரமாகப் படித்தாள். கடனை அடைக்கிறவள்போல் இருந்தது.

பட்டம் வந்ததும் மேல்படிப்பு என்ற பேச்சு வந்தது. அது தபாலில் நடக்காது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் வகுப்புக்குப் போக வேண்டும். தம்பி இதற்குள் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஊன்றி நின்றிருந்தான். "நீ போக்கா. வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றான். நேர்காணலுக்குப் போய்வந்தாள். சில நாளில் இடம் கிடைத்துவிட்டது என்று போன் வந்தது. நான் மிட்டாய் வாங்கி வந்து நீட்டினேன். கையில் வைத்துக்கொண்டாளே தவிர பிரிக்கவில்லை.

"சேரலாமா வேண்டாமான்னு தெரியலண்ணே."

"ஆரம்பிச்சுட்டியா? இதுவா அதுவாவா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டாங்கண்ணே. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவுன்னு ஆரம்பிச்சேன். எப்படி மாறுச்சுன்னு தெரியலை. உள்ளே இருந்தது நான்னு சொல்லிட்டேன்."

"எந்தக் கதவுக்கு உள்ளே?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"அவன் பட்டதையெல்லாம் நான் பட்ட மாதிரி சொன்னேன். அம்மாகிட்ட அவன் பிற்பாடு சொன்னதைக் கேட்டிருக்கேன்ல, ஒண்ணு விடாம எடுத்துப் போட்டுக்கிட்டேன். அழுகைகூட வந்துச்சுண்ணே. அந்தப் பேராசிரியர் மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க."

"சரி, தம்பியை எங்கே நிறுத்தினே?"

"என் இடத்துல. தட்டு வச்சான், ஒரு நாள்கூடக் கடிஞ்சு பேசலைன்னு சொன்னேன்." தலை குனிந்துவிட்டாள். "அவன் தினம் கேக்குறான், அப்படி என்னக்கா சொன்னே, உடனே இடம் குடுத்துட்டாங்கன்னு. அவன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. தம்பியின் பொருளை எடுத்திருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனாலும் வாய் என்னவோ, "இன்டர்வியூவில எவன் உண்மை சொல்றான், பேசாம சேரு" என்றது. இரவல் சீலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்தாளாம் ஒருத்தி என்பார்கள். இவளுடைய சொந்தக் கதை எறிகிற கதையா என்ன? உதைத்தவளுக்குத்தான் அந்தப் படிப்பு வேண்டும் என்பது என் எண்ணம். அதைச் சொல்லாமல் மிட்டாயைப் பிரித்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

சேருவதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் தம்பி கடைக்கு வந்தான். மருந்துப் பெட்டிகளின் பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறதாம். அவனை இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனை பிரேமை அப்போதுதான் மாட்டியிருந்தாள். கடை வாசலில் ஓர் அம்மாள் வந்து இவளைக் கேட்டார். மூக்கில் கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேர்காணல் செய்த பேராசிரியை என்று அதை வைத்தே அடையாளம் கண்டுவிட்டேன். நேர்காணல் முடிந்து எழும்போது, "கடைக்கு வாங்க மேடம், நிமித்தித் தர்றேன்" என்று இவளே சொல்லிவிட்டு வந்ததை என்னிடம் சொல்லியிருந்தாள். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

இவள் முகம் செத்துவிட்டது. அவரை என் மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை வாங்கி, வெப்பக் காற்றில் அதன் காதுக்கம்பியைக் காட்டி வளைக்கத் தொடங்கினாள். குரல் கேட்டு, சோதனை பிரேமோடு தம்பியும் வெளியே வந்து நின்றான்.

"இவர்?" என்றார் பேராசிரியை.

"தம்பி" என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

பேராசிரியை எழுந்தே விட்டார். படித்தவர்தான், அன்பு மீறினால் யாருக்கும் வாய் முந்திவிடுகிறது. "நீங்கதானா? உங்க அக்கா உள்ளேயே இருந்த அந்த ஒரு வருஷம், கதவுக்கு வெளியே தட்டு வச்சுக்கிட்டுக் காத்திருந்தது நீங்கதானா?"

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. கடை அத்தனை அமைதியாகிவிட்டது.

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தப் பிரேமுக்குள் அவன் கண்கள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. "ஆமாங்க. நான்தான்" என்றான்.

"உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்."

"அப்படியெல்லாம் இல்லைங்க. நான் திட்டியும் இருக்கேன்." குரலில் சூடே இல்லை. எங்கோ பார்த்ததைச் சொல்வதுபோல் சொன்னான். "நடிக்காதேன்னு சொல்லுவேன். கதவை உதைப்பேன். ஒரு நாள் ராத்திரி, 'நீ இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

நாங்கள் கை தட்டிய வார்த்தை அது.

"அவங்க என்ன சொன்னாங்க?" பேராசிரியையின் குரல் இறங்கியிருந்தது.

"உள்ளே இருந்தவங்க என்னங்க சொல்லுவாங்க? இதுவா அதுவான்னு விடிய விடிய யோசிச்சிருப்பாங்க."

காதுக்கம்பி இவள் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நான்தான் பிடுங்கி வைத்தேன்.

"மேடம்," என்றாள். "உள்ளே இருந்தது அவன். வெளியே நின்னது நான். அவன் இப்ப சொன்னதெல்லாம் நான் சொன்னது."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. இதுக்கும் இடம் உண்டு."

"நோயா இருந்தேன்னு சொல்றதுக்கு வெட்கமா இல்லை மேடம். இப்படி இருந்தேன்னு சொல்றதுக்குத்தான் வாய் வரலை." அப்புறம், அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யோசிக்காமல் ஒன்றைச் சொன்னாள்: "அந்த இடம் எனக்கு வேண்டாம். அது அவனுக்குக் குடுத்தது."

"வேண்டாம்னு நீங்க சொல்லலேன்னாலும் நானே அதைத் திருப்பிக் கேட்டு வாங்கியிருக்கணும்" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. நிமிர்த்திய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் போனவர் திரும்பினார். "அடுத்த வருஷமும் இதே கேள்வியைத்தான் கேட்போம். சொல்ல முடிஞ்சா வாங்க."

அவர் போன பிறகு மன்னிப்பு, அழுகை என்று ஏதாவது நடக்கும் என்று பார்த்தேன். தம்பி, "என் கண்ணு பாதியில நிக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய் உட்கார்ந்தான். இவள் பின்னாலேயே போனாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் லென்ஸ்கள் கிணுகிணுத்தன. திருப்புகிற சத்தம் கேட்டது; கேள்வி கேட்கவில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடியும் கேள்வி இல்லை.

"கேளுக்கா. கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

"வாய் வரலடா."

"என்கிட்ட அன்னைக்கு வந்துச்சே."

லென்ஸ் இன்னொரு தடவை திரும்பியது. பிறகு அவள் குரல், என் இயந்திரத்தில் மாட்டிய லென்ஸ்போல் உடைந்து, "இதுவா… அதுவா?" என்றது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் அவன்.

அவ்வளவுதான், முடிஞ்சுது என்று அவள் சொல்லவில்லை. விளக்கையும் போடவில்லை. அந்த இருட்டில் அவன்தான் சொன்னான்:

"அன்னைக்கு ராத்திரி மட்டும் இருக்கிறதும் இல்லாததும் எனக்கு ஒண்ணாத் தெரியலைக்கா. அதனாலதான் கதவைத் திறந்தேன். நீ திட்டினதால இல்லை."