மாமாவின் எக்ஸ்ரே

அக்கா பீடியையோ சிகரெட்டையோ தொட்டதே இல்லை. பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றபோது, டாக்டர் ஆளை மாற்றிச் சொல்கிறாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பக்கத்திலேயே மாமா உட்கார்ந்திருந்தார். அக்காவின் புருஷன். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகரெட் பிடிக்கிறவர்.

எண்ணூரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே அக்காவும் மாமாவும், மாடியில் நான். அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தபோது டிபி என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல் போகவில்லை. அப்புறம்தான் சதை எடுத்துச் சோதித்தார்கள்.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். விறகு அடுப்பு உண்டா என்றார். அம்மா இட்லிக்கடை வைத்திருந்த காலத்தில் அடுப்பு ஊதியது அக்காதான். வீடு எங்கே என்றார். எண்ணூர் என்றதும் அதையும் எழுதிக்கொண்டார்.

"இதுல எதுன்னு சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"ஒண்ணா இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். இது எதுவுமே இல்லாதவங்களுக்கும் வருது. உங்க அக்காவுக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. மொட்டைமாடியில் காலில் சாம்பல் ஒட்டினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மேல் கோபம் வரும். கீழே சிகரெட் வாசனை வந்தால் மாமா மேல் வரும். அம்மாவின் அடுப்பை நினைத்தால் யார் மேலும் வராது, அழுகைதான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் மருத்துவ முகாம் போட்டார்கள். எக்ஸ்ரே வண்டியும் வந்தது. புகைப்பதை விட்டால் இந்த நோயின் ஆபத்து குறையும் என்று ஒரு சுகாதாரப் பணியாளர் மைக்கில் பேசினார். தெருவே மாமாவைத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுப் பெண் எழுந்தாள். "சிகரெட்டு சரிம்மா, வுட்டுடலாம். இந்தச் சாம்பல எப்டி வுடறது?"

"அதையும் மேல சொல்றோம்" என்றார் அவர், மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

மாமா எழுந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். முடிவு தெரிந்ததும் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்து அழுதார்.

"எனுக்கு ஒண்ணுமே இல்லியாம். புட்ச்சது நானு, வந்தது இவுளுக்கா? இன்னா நாயம் இது?"

அவருக்கு ஆறுதல் சொல்வதா, நல்லவேளை என்பதா? அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எனுக்கு வந்தது பத்தாதா? உனுக்கும் வந்தா என்னிய யாரு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறது? மொதல்ல அந்தக் கருமத்த வுட்டுத் தொல."

ஆஸ்பத்திரியிலேயே ஆலோசனைக்குப் போய் மாமா சிகரெட்டை விட்டார். நடுவில் ஒருமுறை பிடித்துவிட்டு, அவரே வந்து அக்காவிடம் சொன்னார்.

வீட்டை மாற்றலாமா என்றும் பேசினோம். கொருக்குப்பேட்டையில் மாமாவின் தங்கை வீடு தூசு பறக்கிற ரயில்வே கூட்ஸ் யார்டை ஒட்டி இருந்தது. கொடுங்கையூரில் இருக்கும் என் சிநேகிதி, குப்பை எரிகிற நாளில் ஜன்னலைத் திறக்க முடியாது என்றாள். "அங்க மட்டும் இன்னா காத்து வாங்கப் போறோம்?" என்றாள் அக்கா. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அக்காவிடம் எடுத்த சதையை இன்னொரு பரிசோதனைக்கும் அனுப்பி, அதன் முடிவுக்கேற்ற மாத்திரை கொடுத்தார்கள். இருமல் குறைந்தது. கடைசி ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. போய்விட்டதா என்று கேட்டேன். "போகல, அடங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டாள். "அடங்கிக்கீதுன்னா நல்லதா கெட்டதாடி?"

"நல்லதுதான் போலக்கா."

அவள் காசிமேட்டில் இறங்கிச் சங்கரா மீன் வாங்க வேண்டும் என்று எழுந்து நின்றுகொண்டாள்.