ஆவடியில் கரி பறந்த சோளக்காடு

போன வாரம் காட்டுப்பாக்கத்து மளிகைக் கடையில் வெள்ளைச் சோளம் வாங்கினேன். இப்போதெல்லாம் டாக்டர் சொன்னால்தானே சோளம் சாப்பிடுகிறோம், என் கதையும் அதுதான். பாக்கெட்டை அங்கேயே பிரித்து உள்ளங்கையில் கொட்டி ஊதினேன். கல்லாவில் இருந்த பெண் முறைத்தாள்.

"இன்னாம்மா, புழு கிழு கீதா?"

"இல்லம்மா, கரி இருக்கான்னு பாக்குறேன்."

அவளுக்கு விளங்கியிருக்காது. உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்யாணமாகி நான் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, எங்கள் வரிசைக்குப் பின்னால் மதில் வரைக்கும் காலி நிலம் கிடந்தது. அதில்தான் எல்லாரும் சேர்ந்து சோளம் போட்டோம். கோவில்பட்டி, தருமபுரி, திருச்சி என்று கதவுக்கு ஓர் ஊர்க்காரி. பொங்கலுக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொருத்தியும் தன் ஊர் விதையை முடிந்துகொண்டு வருவாள். அத்தனையையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்துதான் விதைப்போம். எந்த ஊர்ச் சோளம் உசத்தி என்று சண்டை வரக்கூடாதாம்! சண்டை எங்கே நின்றது? மணி எங்களுக்கு, தட்டை தனத்தின் பசுவுக்கு. தனம் கள்ளிக்குப்பத்தில் பிறந்தவள், எனக்குப் பக்கத்து வீடு.

ஒரு வருடம் கதிர் வந்தது, மணி வரவில்லை. மணி இருக்க வேண்டிய இடமெல்லாம் கரிப்பொடி. சித்திரைக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய், அதிகாரிகள் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளில் அப்பியது. குவார்ட்டர்ஸ் மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"இன்னொரு தடவ இந்தக் கரி பறந்துச்சு, நிலத்த மட்டம் பண்ணி ஸ்கூட்டர் ஷெட் போட்டுருவேன்."

தனம் அன்று சாப்பிடவேயில்லை. "நெலம் பூட்ச்சின்னா மாட்ட வித்துட வேண்டியதுதான்க்கா" என்று மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் மாட்டுப் பாலில்தான் என் காப்பி.

கோவில்பட்டி சரசு அக்கா தருமபுரி விதையைத் திட்டினாள். தருமபுரிக்காரி சும்மா இருப்பாளா? நான், பெரிய மேதை, விதையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாம் என்றேன். நல்லவேளை, என் பேச்சை யாரும் கேட்கவில்லை.

கறுத்த கதிர் ஒன்றைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு நானும் தனமும் பூந்தமல்லி விதைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பையை முழுசாகத் திறக்கவே விடவில்லை.

"இது கரிப்பூட்டை நோவும்மா. விதை மேல ஒட்டிக்கினு வரும். ஒருத்தர் விதையில இருந்தாலும், கலந்தா எல்லாத்துலயும் ஒட்டிக்கும்."

சண்டை வேண்டாமென்று கலந்த கலவைதான் காட்டையே கெடுத்திருக்கிறது. தனம் பதறிவிட்டாள். "அப்ப இனிமே கலக்கவே கூடாதா?"

"தாராளமா கலங்க. கூடவே கந்தகத் தூளையும் போட்டுக் கலங்க."

அடுத்த தையில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கந்தகத்தைப் போட்டு விதையைப் புரட்டினோம். வரிசை முழுக்கத் தீபாவளி வாசனை. "எங்கூரு விதைக்கி இதெல்லாம் தேவையே இல்ல" என்று தும்மிக்கொண்டே சரசு அக்காவும் புரட்டினாள்.

கதிர் முற்றியதும் மேற்பார்வையாளர் வந்தார், வெள்ளைச் சட்டையில். ஓரமாக ஒரே ஒரு கதிர் கறுத்திருந்தது. காலையிலேயே தனம் அதைப் பார்த்து, ஈரப்பையால் மூடி அறுத்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கியிருந்தாள். அவர் பயிருக்குள் நுழைந்து ஒரு கதிரை உலுக்கினார். இன்னொன்றை உலுக்கினார். சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா கட்டிப் புட்ச்சி உலுக்கு சார்! பொட்டு கரி கீதா, சொல்லு!" என்றாள் தனம், இடுப்பில் கைவைத்து.

அவர் சிரித்துவிட்டார். "எனக்கும் ரெண்டு கதிர் குடும்மா."

ஜெயித்துவிட்டோம்! சரசு அக்கா குலவையிட்டாள். எனக்குக் குலவை வராது, கைக்குக் கிடைத்த சாப்பாட்டுத் தட்டை அடித்து நொறுக்கினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் படவில்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் சோளம் விளைந்தது. வீட்டுக்காரர்கள் ஓய்வுபெறப் பெற, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பசுவும் வயதாகி, தனத்தின் கையாலேயே தண்ணீர் குடித்துக் கண்ணை மூடியது. தனம் இப்போது நெமிலிச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். வரிசை முழுக்கப் பூட்டு. நிலத்தில் ஆள் உயரத்துக்குக் கருவேலம். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். தனம் மதிலைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இன்னாத்துக்குக்கா அழுவுற? கடசி வரிக்கும் ஷெட்டு போட முடிஞ்சிதா அவுங்களால?"