தாம்பூலத் தட்டில் இரண்டு பேட்டரிகள்

என் கணவர் பேட்டரி வாங்கக் கிளம்பினால் யாரும் கூடப் போகக் கூடாது. நான் போய்ப் பட்டிருக்கிறேன். மற்றவர்கள் கத்தரிக்காய் பொறுக்குவதைப் போல அவர் பேட்டரி பொறுக்குவார். அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பார். அல்கலைன் என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படிப்பார். கடைக்காரர் வாசல் பக்கம் வெயில் படுகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தால், அந்தக் கடை அத்தோடு சரி. மதுரை வெயில் மனுசனையே காயப்போட்டுவிடும், பேட்டரி எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. விலை குறைந்த சாதாரண பேட்டரிக் கட்டையைக் கடைக்காரர் நீட்டினால், வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். நான் வெளியே ஆட்டோக்காரரிடம் இதோ வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு நிற்பேன்.

இதை வாசிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தன் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடத்துகிற குரல். ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும் ஆஸ்பத்திரியில் ஒரு கருவியைக் கொடுத்துப் பேசப் பழக்கினார்கள். சின்ன டார்ச் லைட் அளவுதான் இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு வார்த்தையாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், கரகரவென்று ஒரே மாதிரி. முதல் தடவை கேட்கிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அது அவருடைய குரல், அவ்வளவுதான்.

அந்தக் குரல் ஓடுவது தலையில் இரண்டு குமிழ் வைத்த சதுர பேட்டரியில். பேட்டரி இறங்கினால் அவர் பேச்சும் இறங்கும். ஒரு தடவை சாதாரணக் கட்டையைப் போட்டுக்கொண்டு பேசிப் பார்த்தார். சீக்கிரமே சொற்கள் தேய்ந்து, கடைசியில் வாய் மட்டும் அசைந்தது. அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் இந்தப் பொறுக்கல் எல்லாம்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தன் கருவியோடு நிற்காமல் வீடு முழுவதற்கும் சட்டம் போட்டார். ரிமோட்டில் ஒரு கட்டை புதுசு, ஒரு கட்டை பழசு என்று போடக் கூடாது. "புதுசு பழசுக்கும் சேத்து இழுக்கும். கடைசியில ரெண்டும் கெட்டுப்போகும்" என்பார் கருவியை அழுத்தி. "நம்ம குடும்பம் மாதிரியா?" என்று நான் கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். பேட்டரி தீர்ந்துவிட்டால் பல்லால் கடிப்பது, மொட்டை மாடியில் காயவைப்பது என்று நான் பிறந்த வீட்டில் கற்றுக்கொண்ட வித்தைகள் எல்லாம் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன. பயன்படுத்தாத டார்ச்சிலிருந்து கட்டைகளைக் கழற்றி வைப்பார். ஒருமுறை சுவர்க் கடிகாரத்துக்குள் ஒரு கட்டை கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் விரலால் சுரண்டப் போனேன். கையைப் பிடித்து இழுத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, எலுமிச்சைச் சாற்றில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மறுபடி ஈரம் போகத் துடைத்து, கடிகாரத்தை ஓடவைத்தார். கசிந்தது காரம், தோலை அரித்துவிடும் என்று பிறகு நிதானமாகச் சொன்னார். தீர்ந்துபோன சதுர பேட்டரியைக்கூட அப்படியே தூக்கிப் போட மாட்டார். இரண்டு குமிழ்களும் ஒன்றையொன்று சேர்ந்தால் சூடாகிவிடும் என்று டேப் ஒட்டித்தான் ஒதுக்கி வைப்பார்.

எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம். எங்கள் இரண்டு பேரில் குரல் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று கேட்டால் சொந்தக்காரர்கள் என் பக்கம்தான் கையைக் காட்டியிருப்பார்கள். அவர் பேச முடியாமல் படுத்திருந்த காலத்தில் ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவருக்கும் சேர்த்து நான்தான் பேசினேன். ஆனால் அவருடைய நிதானம் எனக்கு வராது. குரல் போன மனுசன் ஒருநாள்கூட விதியை நொந்துகொள்ளாமல், அந்தக் குரலை ஒரு சதுரக் கட்டையில் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினார். வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, எனக்கு அவர்மேல் அப்படியொரு மதிப்பு.

போன வருஷம் மகளுக்கு மேலூர் பக்கம் சம்பந்தம் பேசினோம். நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம், பையன் மதுரையில் வேலை. நல்ல மனிதர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று எல்லோர் முன்னாலும் பெண்ணின் அப்பா தன் வாயால், பெண்ணைத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தாம்பூலத் தட்டு கை மாறும். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் சொல்வார். நாள் குறிக்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. தட்டு மாத்துறப்ப தாய்மாமனே சொல்லிரட்டும். நீங்க எதுக்குச் சிரமப்படணும்? தலைய ஆட்டுனாப் போதும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா உட்கார்ந்திருக்கும்போது மாமன் எழுந்து சொன்னால், அந்த அப்பா இருந்தும் இல்லாதவர் என்றுதானே ஆகிவிடும்? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கருவியைக் கழுத்தில் வைத்துவிட்டார்.

"நான் சொல்லுவேன்."

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகினார். அவர் பேச்சில் 'ம'வும் 'ப'வும் ஒன்றுபோலக் கேட்கும், அதைப் பிரித்துச் சொல்லப் பாடுபட்டார். நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார். என்ன சொல்லப் போகிறார் என்பதை எனக்குக்கூடக் காட்டவில்லை.

நிச்சயம் மேலூரில் ஒரு சின்ன மண்டபத்தில், காலை நேரம். கருவிக்குள் இருந்த பேட்டரி பாதி தீர்ந்திருந்தது. வருகிறவர்களை வரவேற்க அது போதும், தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்னால் புதுசைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். ஒன்றுக்கு இரண்டாகப் புதுப் பேட்டரிகள், குமிழ்களில் மூடி போட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். தன் சட்டைப் பையில் சாவியும் சில்லறையும் இருந்ததால் அதில் பேட்டரியைப் போட மனசு வரவில்லை. டப்பாவை என் அண்ணனிடம் கொடுத்தார்.

"பத்திரம் மச்சான்."

"உசுரக் குடுத்துக் காப்பேன் மாப்ள, நீங்க போங்க" என்றார் அண்ணன்.

என் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு எதையும் சும்மா வைத்திருக்க முடியாது. புது மிக்ஸி வந்தாலும் பொட்டு வைப்பார், மோட்டார் பம்புக்கும் மாலை போடுவார். அன்று தாம்பூலத் தட்டை அடுக்குகிற வேலை அவருடையது. பெரிய வெள்ளித் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ எல்லாம் வைத்தவருக்கு, என் கணவரின் குரல் டப்பாவுக்குள் கிடக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. நல்ல காரியத்தில் பேசப் போகிற குரல், அதுவும் தட்டில் இருந்து ஆசி வாங்கட்டும் என்று நினைத்துவிட்டார். ஒற்றையாக வைக்கக் கூடாது என்று இரண்டையும் எடுத்தார். மூடிகளைப் பேக்கிங் என்று எண்ணிக் கழற்றினார். இரண்டு குமிழ்களையும் கால்கள் என்று நினைத்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளித் தட்டில் நிற்க வைத்தார். மேலே தெரிந்த பரப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. என் கணவர் அன்று வாசலில் நின்று வந்தவர்களிடம் எல்லாம் பேசினார். வாங்க என்றார், சாப்பிட்டீர்களா என்றார், அலங்காநல்லூரிலிருந்து வந்த பழைய மாணவன் ஒருவனிடம் வாய்ப்பாடு ஞாபகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். சந்தோஷத்தில் அம்புட்டுப் பேச்சு. சபையில் உட்காரும்போது கருவியின் சத்தம் முனகலாகிவிட்டிருந்தது. நல்ல நேரம் தொடங்கிவிட்டது, ஆரம்பிக்கலாம் என்றார்கள். அவர் அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அண்ணன் பெருமையாகத் தட்டைக் காட்டினார். "இந்தா மாப்ள, பொட்டோட இருக்கு."

என் கணவர் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் குனிந்து எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி, அதைக்கொண்டு இரண்டையும் தூக்கினார். அடுப்பிலிருந்து எடுத்தது போலத் துணிக்கு மேலேயே சுட்டதாம். பக்கத்தில் இருந்த வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. பையன் வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்க, அவர் ஓடாமல் நடந்துபோய் அவற்றை வாசல் மண்ணில் தனித்தனியாக வைத்துவிட்டு, பிள்ளைகள் யாரும் கிட்டே போகாமல் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். வெள்ளித் தட்டு ஒவ்வொன்றின் இரண்டு குமிழ்களையும் இணைத்து, உள்ளே இருந்த மின்சாரத்தையெல்லாம் தீர்த்துவிட்டது. வந்து உட்கார்ந்து கருவியை அழுத்தினார். முனகலும் நின்றிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகச் சொன்னார். "நேரம் போகுது சம்பந்தி. தாய்மாமன் சொல்லிரட்டும். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

சபையில் ஆமாம் ஆமாம் என்று குரல்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையில் அந்தக் கருவி செத்துப்போய்க் கிடந்தது. எனக்கு அழுகை முட்டியது, அதைவிட ஆத்திரம் முட்டியது. அண்ணன் எழுந்தார். வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"நான் சொல்ல மாட்டேன். அவரு சொல்லணும். நேரம் போனாப் போகட்டும், வேற நேரம் பாப்போம்" என்றார். இப்போது நினைத்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அவர் செய்த கூத்தை எல்லாம் மன்னிக்கத் தோன்றுகிறது.

கடைக்கு ஆளை ஓட்டலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, என் கணவர் என் தோளைத் தொட்டு மேடையைக் காட்டினார். மைக் செட் தம்பி கம்பியில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, அதுக்குள்ள என்ன பேட்டரி?"

"சதுர பேட்டரிதாம்மா. காலையிலதான் போட்டேன். ஆனா இத எடுத்தா மைக் பேசாதே."

"மைக் பேசாட்டிப் போகுது. அவர் பேசணும்."

தம்பி மறுபேச்சுப் பேசாமல் அடியைத் திருகிக் கட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அந்த நேரத்திலும், அத்தனை பேர் காத்திருக்க, இந்த மனுசன் அதை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்த்தார். உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். வேட்டி நுனியால் குமிழ்களைத் துடைத்தார். "தேதி நல்லாத்தான் இருக்கும், போடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. கூட்டல் எது, கழித்தல் எது என்று பார்த்துப் பொருத்தி, மூடியைச் சாத்தினார். அழுத்தினார். கரகரவென்று தெளிவாக ஒரு சத்தம் வந்தது.

மைக் இல்லாமல் அந்தச் சத்தம் முன்வரிசையைத் தாண்டாது. மேலே காற்றாடிகள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அப்போது மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "ஏப்பா, எல்லா ஃபேனையும் அமத்துங்க. சம்பந்தி பேசப் போறாரு" என்றார். காற்றாடிகள் நின்றன. மேளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வெக்கையில் மண்டபமே மூச்சுக் காட்டாமல் இருந்தது.

அவர் எழுந்து நின்று கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"நானும் அவ அம்மாவும் சேந்து, எங்க மகள உங்க வீட்டுக்குத் தாரோம்."

ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் அம்மாவை அந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை. அப்பா சொல்வார், அம்மா தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வாள். இவர் கண்ணாடி முன்னால் நின்று இத்தனை நாளும் பழகியது இதைத்தான். தட்டை எடுத்து, ஒரு பக்கத்தை நான் பிடிக்கும்படி என்னிடம் நீட்டினார். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "அப்பறம் என்ன, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி" என்றார்.

தட்டைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ஊர் பூராவும் பேசித் தீர்த்த எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. சபை காத்திருந்தது. அவர் ஒரு கையால் தட்டைப் பிடித்தபடி, மறுகையால் கருவியைத் தன் கழுத்திலிருந்து எடுத்து, என் கழுத்தில் வைத்து அழுத்தினார். நான் வாயை அசைத்தேன்.

"தாரோம்" என்றது, அவருடைய குரலில்.