குளத்தக்கா எந்தக் கடலுக்குப் போனாள்

ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் குளத்தக்கா. அதுவும் குழந்தைகளுக்கு இல்லை, தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற வளர்ந்த ஆட்களுக்கு. விடிந்ததும் நகராட்சி நீச்சல் குளத்தில் அவளுடைய வகுப்பு. வெளியே பெரிய வக்கீலாக இருக்கலாம், வங்கி மேலாளராக இருக்கலாம். தொப்பையை எக்கிக்கொண்டு கரையில் வந்து நின்றால் எல்லோரும் அவளுக்கு 'நீ'தான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பயத்தில் பல் தந்தியடிக்கும்போது மரியாதையெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. முதல் நாள் ஆளைக் கரையில் உட்காரவைத்துக் காலை மட்டும் நனைக்கச் சொல்வாள். பிறகு, "எந்தப் பக்கம் இறங்கறே?" என்று கேட்பாள். ஒரு பக்கம் படிக்கட்டு, இன்னொரு பக்கம் கம்பி ஏணி. இரண்டுக்கும் கீழே ஒரே ஆழம்தான். "நீங்களே சொல்லுங்கக்கா" என்றால் போச்சு. "அப்ப நாளைக்கு வா" என்று துண்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பல் டாக்டர் ஒருத்தி இப்படி மூன்று நாள் துண்டும் கையுமாகத் திரும்பிப் போனாள். நான்காம் நாள் அழுதுகொண்டே "ஏணி" என்றாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருவர் கேட்டதற்கு, "அடுத்தவங்க சொல்லி இறங்கினவன் பயம் வந்தா சொன்னவங்களைத் தேடுவான். தானா இறங்கினவன் தரையைத் தேடுவான்" என்றாள் குளத்தக்கா. இவ்வளவு நல்ல சட்டம் எந்தப் பெரிய பள்ளிக்கூடத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவள் கடலில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. கடல் அந்த ஊரிலிருந்து அவ்வளவு தூரம். அதனால்தான் அவள் ஓய்வுபெறப் போகிறாள் என்றதும், மாணவர்கள் கூடிப் பேசி அவளையும் வீட்டுக்காரரையும் கடல் பார்க்க அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். எந்த ஊர் என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

ஒன்று விரிகுடா ஊர். கப்பலேறி வந்த ஜனமெல்லாம் அங்கேயே தங்கிவிட்ட நகரம். ஒரு டிராமில் ஏறினால் பத்து பாஷை காதில் விழும். கடல் மட்டும் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். இன்னொன்று அலை ஊர். அங்கேயும் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான், தெருவுக்குத் தெரு ஒரு சங்கீதம். ஆனால் கடல் மாடி உயரத்துக்கு எழுந்து மணலில் வந்து மோதும்.

குளத்தக்காவுக்கு அலை ஊர்மேல்தான் கண். ஆனால் அந்த ஊர்ப் படத்தை யாராவது காட்டினால் சட்டென்று திருப்பி வைத்துவிடுவாள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத தண்ணீரில் தனக்கு நீந்தத் தெரியாமல் போய்விட்டால்? இத்தனை வருஷமாக ஊருக்குக் கொடுத்த தைரியமெல்லாம் பொய்யாகிவிடாதா? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குளத்தை ஒட்டிய கேன்டீனில் எல்லோரும் கூடியிருந்தார்கள். "அக்கா அலையில நீந்தணும், அதை நாம படத்துல பார்க்கணும்" என்றார் வக்கீல். "இந்த வயசுல எதுக்கு? நிம்மதியா டிராம்ல சுத்தட்டும்" என்றார் மேலாளர். பேச்சு வளர்ந்து, கடைசியில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்பா" என்று குளத்தக்கா மென்று முழுங்கினாள். "நீங்களே சொல்லுங்க."

பல் டாக்டர் எழுந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள்.

"அப்ப நாளைக்கு வாங்கக்கா."

கேன்டீனே குலுங்கியது. குளத்தக்காவும் சிரித்துவைத்தாள். ஆனாலும் துண்டும் கையுமாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஊருக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவளின் புருஷனுக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த ஊரின் பழைய கேலி. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

"பயமா இருக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அந்த அலையில எனக்கு வராமப் போயிட்டா?"

"போனாப் போவுது. அங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவர் பிசைவதை நிறுத்தினார். பிறகு சமயம் பார்த்து, "அப்ப விரிகுடா ஊருக்கே போலாமே. அங்க நூறு தினுசு சாப்பாடு..." என்று ஆரம்பித்தார்.

"அலை ஊருதான்" என்றாள் அவள். அவரை முடிக்கவே விடவில்லை. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

"அப்ப சாப்பாடு?"

"அங்கயும் மனுசங்கதான இருக்காங்க."

மறுநாள் காலை துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலை ஊர்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னாள். வக்கீல் ஏதோ தேற்ற வாயெடுத்தார். பல் டாக்டர் முறைத்ததும் அடங்கிவிட்டார்.

அலை ஊரில், முதல் நாள், குளத்தக்கா நேரே போய்க் கடலில் பாயவில்லை. ஈர மணலில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். பக்கத்தில் ஏதேதோ தேசத்துக்காரர்கள் ஏதேதோ பாஷையில் கூச்சலிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, இரண்டு பேர் செருப்பையும் கையில் பிடித்தபடி வீட்டுக்காரர். அவருடைய போனில் பல் டாக்டர்.

"என்ன பண்றாங்க?"

"கால நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னைக் கிட்ட வர வேண்டாம்னுட்டா."

குளத்தக்கா எழுந்தாள். நடந்தாள். தொடையளவு தண்ணீரில் நிற்கும்போது, ஊர் முழுக்க மதிக்கும் நீச்சல் ஆசிரியை என்பதெல்லாம் தெரியாத அலை ஒன்று வந்து, அவளைத் தலைகீழாகப் புரட்டி, முதல் நாள் மாணவி மாதிரி கரையில் கொண்டுவந்து உட்காரவைத்தது.

"ஐயோ, கவுத்துடுச்சும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"அடி பட்டுடுச்சா?" என்றாள் பல் டாக்டர்.

"வாயெல்லாம் மண்ணு. துப்பறா." செருப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி முன்னால் போனார். "சிரிக்கிறாம்மா."

"அப்புறம்?"

"மறுபடியும் போறா."