டயருக்குள் சாக்பீஸ் கோடு

கடப்பாரை என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே சட்டென்று ஞாபகம் வராது. பந்தய பைக்குகளுக்கு டயர் மாட்டுவது அவள் வேலை. ஆறு வருடத்துக்கு முன் அதே வேலையில் இருந்தவனின் இரண்டு விரல்களை டயர் நெம்பும் இரும்பு லிவரால் அடித்து நொறுக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்தவள். சும்மா அடிக்கவில்லை. அவள் புருஷன் ஓட்டிய பைக்கில் அந்த ஆள் செத்த டயரை மாட்டிவிட்டான். மூன்றாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. புருஷன் தரையில் போய் விழ, பின்னால் வந்த பைக் அவன் கழுத்தில் ஏறியது. "நல்ல டயர்னுதான் நினைச்சேம்மா" என்றான் அந்த ஆள். வாயை மூடுவதற்குள் லிவர் இறங்கிவிட்டது.

செத்த டயர் என்றால் தேய்ந்த டயர் அல்ல. பந்தய டயரில் கோடு, பள்ளம் எதுவும் கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். சூடேறினால் ரப்பர் இளகித் தரையைக் கவ்வும். ஆனால் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகிப்போகும். நாலு தடவை ஆனால் பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. தெருவில் இன்று ஓடும் நல்ல டயர்களின் பாதி வித்தை, இந்தப் பாதையில் யாரோ விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததுதான். அந்த வித்தை தெரு டயரிலேயே இருப்பது தெரியாமல், பால் வாங்கப் போகிற வண்டிக்குப் பந்தய டயர் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைக் கடப்பாரை திட்டுகிற திட்டை அச்சில் போட முடியாது.

செத்த டயர் இனி யார் பைக்கிலும் ஏறக்கூடாது என்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். டயர் எத்தனை முறை சூடாகி ஆறியதோ, அத்தனை சாக்பீஸ் கோடு அதன் உள்பக்கத்தில். நாலு கோடு விழுந்த டயரைக் கம்பெனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். உள்ளே பார்க்காமல் ஒரு டயரையும் அவள் ரிம்மில் ஏற்றியதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று ஓட்ட இருந்தவன் அவள் கொழுந்தன், ஆறு வருடமாக அவள் டயர் மாட்டிக்கொடுப்பவன். அண்ணனைப் பலிகொண்ட அதே பாதை. முதல் மூன்று பேரில் ஒருவனாக வந்தால் டயர் கம்பெனியின் சொந்த அணியில் இடம், வராவிட்டால் பழையபடி டெலிவரி வேலை. முப்பது வயது தாண்டிவிட்டது, இன்னொரு வாய்ப்பு வராது.

காலையில் அவள் டயரும் கையுமாக இருந்தபோது எதிர் அணியின் மெக்கானிக் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன கடப்பாரை, அண்ணனை அனுப்பியாச்சு, இன்னிக்கு தம்பியா?"

அவள் டயரைக் கீழே போட்டாள். நெற்றியால் அவன் மூக்கில் ஒரு முட்டு. மூக்கு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்து டயர் அடுக்கின் மேல் தள்ளினான். அடுக்கு சரிந்து, லாரிக்காக ஒதுக்கியிருந்த செத்த டயர்களும் நல்ல டயர்களும் கலந்துவிட்டன. அவள் எழுந்து அவன் விலாவில் உதைத்தாள், அவன் விழுந்ததும் விடாமல் உதைத்தாள். நாலு பேர் வந்து பிரித்துவிட்டார்கள். "பைக் பரிசோதனைக்கு நேரமாச்சு, நேரமாச்சு" என்று அணி முதலாளி கத்த, கிடந்ததில் ஒரு டயரை எடுத்துப் பின்சக்கர ரிம்மில் ஏற்றினாள், காற்றடித்தாள், சூடேற்றும் போர்வையைச் சுற்றினாள்.

மதியம் பைக்குகள் சூடேற்றும் சுற்றுக்குக் கிளம்பியபோது, தடுப்புச் சுவரோரம் நின்றவளுக்குத் திடீரென்று அந்தச் சந்தேகம் வந்தது. உள்ளே பார்த்தேனா? ஒரு கோடா, நாலு கோடா? எவ்வளவு யோசித்தும் மூக்கு உடைந்த சத்தம்தான் ஞாபகம் வந்தது. செத்த டயர்களை எண்ணிப் பார்க்கலாமென்றால், அவற்றை அள்ளிக்கொண்டு லாரி எப்போதோ போய்விட்டது. அதற்குள் கடைசி வளைவில் கொழுந்தனின் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. எல்லோருக்கும் வழுக்குவதுதான். அவள் கண்ணுக்கு அது மூன்றாவது வளைவாகத் தெரிந்தது.

பைக்குகள் பந்தயம் தொடங்கும் கோட்டில் வந்து நின்றன. அவள் சுவரைத் தாண்டிக் குதித்தாள். பிடிக்க வந்த காவலாளியின் தாடையில் முழங்கையால் இடித்தாள். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான், சட்டை கிழிந்தது, நிற்கவில்லை. கொழுந்தனின் தோளை உலுக்கி, "இறங்குடா!" என்று கத்தினாள். முப்பது இன்ஜின்கள் உறுமுகிற இடத்தில் யாருக்குக் காது கேட்கும்? அவன் கையை உதறினான். அவள் வேலைக்காக இடுப்பில் வைத்திருந்த கத்தியை எடுத்துப் பின்டயரின் பக்கவாட்டில் சொருகிக் கிழித்தாள்.

அவன் இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி, அதனாலேயே அவள் வாயில் அடித்தான். பல் உடைந்து தொண்டைக்குள் போனது. விழுந்தவளை இரண்டு மூன்று பேர் மிதித்தார்கள், அவர்களில் முதலாளியும் ஒருவர். ஒரு விலா எலும்பு முறிந்தது. கொடி காட்டி எல்லாவற்றையும் நிறுத்தி, அவனுடைய பைக்கை ஓரங்கட்டிவிட்டு, மறுபடி பந்தயத்தைத் தொடங்கினார்கள்.

ஷெட்டில் கொழுந்தன் தானே டயரைக் கழற்றினான். அதை இழுத்து வந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே ஒரே ஒரு கோடு.

"நல்ல டயர் அண்ணி. நல்ல டயர்!"

"நான் பார்த்தேனான்னு ஞாபகம் இல்லடா."

"பொய் சொல்லாதீங்க. டயர்ல சந்தேகமா, இல்ல நான் ஓட்டவே கூடாதா?"

சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். சந்தேகப்பட்டதும் நிஜம்தான். ஆனால் கத்தி இறங்கியபோது தன் மனசில் என்ன இருந்தது என்று அவள் தேடிப் பார்த்தாள். பார்த்ததும் வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னாள்.

"காத்து இறங்கினப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. நீ செத்துப் போயிருவேன்னு ஆறு வருஷமா பயந்துக்கிட்டே மாட்டிட்டு இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது."

அவன் டயரை ஓங்கிச் சுவரில் எறிந்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, அவளை அடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பந்தயம் முடிந்து கூட்டம் ஆரவாரித்தது. அவள் லிவரையும் சாக்பீஸ் டப்பாவையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் ஓட்டுறதா இருந்தா வேற ஆளைப் பாரு. பயந்தவ கையில உன் சக்கரத்தைக் கொடுக்காதே."

போகாதீங்க அண்ணி என்று அவன் சொல்வான் என அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"சரி" என்றான் அவன்.