துக்க வீட்டில் சொன்ன ‘வாரேன்’

எட்டாவதோடு படிப்பை விட்டு மிளகாய்க் காட்டுக்குப் போனவன் நான். கைபேசியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே இராமேஸ்வரத்து அம்மா ஒருவரின் வலைப்பூவுக்காகத்தான். பிரதோஷ விரதம் எப்படி, அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் எந்த நேரம் முழுகலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதுவார். கடல், கோபுரம் என்று படமெல்லாம் எடுப்பது அவர் வீட்டுக்காரர். அதையும் பெருமையாகப் படத்தின் கீழே போட்டிருப்பார்.

ஆடி அமாவாசை பற்றி அவர் எழுதியது ரொம்பப் பிடித்துப்போய், அந்தப் பக்கத்தைக் கைபேசி முகப்பில் ஒட்டி வைத்துக்கொண்டேன். காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிட்டதும் அதைத்தான் தொடுவேன். ஆடி போய் ஆவணி வந்தும் ஆடி அமாவாசையேதான் திறந்தது. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று நினைத்து, கீழே கருத்து எழுதுகிற இடத்தில் உரிமையாகக் கேட்க ஆரம்பித்தேன்.

“என்னம்மா, இன்னைக்கும் ஒண்ணும் காணோமே? நாளைக்கு வாரேன்.”

பதில் வரவில்லை. விளையாட்டாக இன்னொரு நாள் எழுதினேன். “வீட்டுக்காரர் இன்னும் தூங்குறாரா? எழுப்பிவிட்டு நாலு படம் எடுக்கச் சொல்லுங்கம்மா. நாளைக்கு வாரேன்.”

தீபாவளிக்கு வந்த மருமகளிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். அவள் கைபேசியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“மாமா, அவங்க நெறைய எழுதியிருக்காங்க. நீங்கதான் தெனமும் ஒரே பக்கத்தைத் தொறந்து பாக்குறீங்க.”

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “அப்ப இம்புட்டு நாளும் பழைய சோத்தையே பிசைஞ்சுக்கிட்டு இருந்தீகளாக்கும்!”

மருமகள் ஃபீடு ரீடர் என்று ஒரு செயலியைப் போட்டு, அதில் அந்த வலைப்பூவைச் சேர்த்தாள். “இனி நீங்க தேடிப் போக வேணாம் மாமா. அவங்க எழுதுனா இங்கனயே வந்து நிக்கும். படிக்காததெல்லாம் தடிச்ச எழுத்துல இருக்கும்.”

தடித்த எழுத்துகள் மேலிருந்து கீழே வரிசையாக நின்றன. கோயிலே வீட்டுக்குள் வந்த சந்தோஷத்தில், விட்டுப்போன இடத்திலிருந்து படிப்போம் என்று அடியில் இருந்ததைத் தொட்டேன். அதில் படம் இல்லை.

“என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.”

தேதியைப் பார்த்தேன். நான் எழுப்பிவிடச் சொன்னதற்கு முந்தின வாரம்.

அதற்கு மேலே இருந்ததில், காரியம் முடிந்ததைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: “ஒரு பெரியவர் பழைய பக்கத்தில் வந்து, என் வீட்டுக்காரரை எழுப்பிவிடச் சொல்லிக் கேட்கிறார். பாவம், அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.”

எங்கள் பக்கம் துக்கம் விசாரிக்கப் போனால், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். ‘வாரேன்’ என்று சொல்ல மாட்டோம். சொன்னால், அந்த வீட்டில் இன்னொரு துக்கத்துக்கு வருகிறோம் என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நான் தினமும் அந்த வீட்டு வாசலில் நின்று அதையே சொல்லியிருக்கிறேன்.

“என்ன மாமா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?” என்றாள் மருமகள். ஒன்றுமில்லை என்று பூசை அறைக்குள் போனேன். ராமநாதசாமி படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவர் வீட்டுக்காரரைப் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தின் கீழே எழுத்துக்கூட்டி அடித்தேன். “அம்மா, அந்த ஆள் நான்தான். எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்கிருங்க. அவர் எடுத்த படத்துலதான் நான் தெனமும் சமுத்திரம் பாத்தேன்.”

பழக்கத்தில் விரல் ‘நாளைக்கு வா’ வரைக்கும் போய்விட்டது. பதறி அதை அழித்தேன். மிச்சத்தை அனுப்பிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.