கிராஸ் மேல் பூசிய ஆயில்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். அப்பன் எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு பழைய பிக்கப் வாங்கி, மரக்காணம் உப்பளங்களிலிருந்து திண்டிவனத்துக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். நானே டிரைவர். லோடுமேன் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பெரிய உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு முழ அகல ஈர வரப்பில் ஓட்டமும் நடையுமாக வருவார். கால் சறுக்கி நான் பார்த்ததே இல்லை. அவர் வீட்டில் உலை கொதித்தது அந்த இரண்டு காலை நம்பித்தான்.

உப்பு, வண்டியை அடியிலிருந்து தின்னும். அதனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் மாதம் ஒருமுறை பட்டறையில் வடித்த பழைய என்ஜின் ஆயிலை வாங்கி, பெயிண்ட் பிரஷ்ஷால் வண்டியின் அடிவயிறு முழுக்கப் பூசுவோம். கன்னங்கரேலென்று மினுமினுக்கும். துரு அண்டாது. நான் ஒரு இடுக்கு விடமாட்டேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருடம் ஆடியில் வண்டி மெதுவாக நகரும்போது கீழே எலி கத்துவது போல ஒரு கிரீச் வந்தது. என்ஜினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும், கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு இருக்கும். கிராஸ் என்போம். அதன் நாலு முனைக்கும் நாலு கப்பு, கப்புக்குள் ஊசி ஊசியாக பேரிங். கிரீஸ் வற்றினால் அதுதான் கத்தும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் நான் செய்தது என்ன? மாதக் கடைசியில் பிரஷ்ஷை எடுத்தவன், கிராஸ் மேலேயும் நாலு இழுப்பு இழுத்துவிட்டேன். மறுநாள் சத்தம் நின்றுபோனது. தீர்ந்தது பீடை என்று விசில் அடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பிரேக் பார்க்கப் போனபோது மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்தான். "ஜாயின்ட் மேலெல்லாம் ஆயில அடிச்சி வச்சிருக்கியேப்பா. தொடைச்சிட்டு கொண்டா, பாக்கணும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைக்கு மேல் லோடு இருந்தது, போகவில்லை.

பெருமுக்கல் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது மச்சான் மூட்டை மேலிருந்து இறங்கி வந்தார். "மாப்ள, சத்தம் நின்னுடுச்சு, சரி. ஆனா அடி நிக்கல. ஒவ்வொரு வாட்டி கிளம்பும்போதும் மேல இருக்கிறவனுக்குப் பாதத்துல டங்குனு இடிக்குது. ரிவர்ஸ்ல இன்னும் ஜாஸ்தி. ஒரு தபா இறங்கிப் பாரேன்" என்றார்.

"மூட்டை தூக்குறவன் எனக்கு வண்டி பத்தி சொல்றியா?" என்றேன்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அறைந்துவிட்டேன். நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில், எனக்குப் பெண் கொடுத்த வீட்டு மூத்தவரை. அவர் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. சட்டையில் சிந்திய டீயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார்.

நாலாம் நாள், முழு லோடு. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். சீட் நடுங்கியது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அடியில் குண்டு போட்டது போல ஒரு வெடி. முன்பக்கக் கிராஸ் தெறித்து, ஷாஃப்ட்டின் தலை தார் ரோட்டில் குத்திக்கொண்டது. வண்டியின் பின்பாகம் துள்ளி எழுந்தது. சுழன்ற ஷாஃப்ட் பலகையைப் பொத்துக்கொண்டு மேலே வந்து மூட்டைகளைக் கிழித்தது. ஸ்டியரிங் என் நெஞ்சில் இடித்தது. வண்டி பக்கவாட்டில் போய்ப் புளியமரத்தில் அறைந்து நின்றது.

மூட்டை மேலிருந்து சரிந்து விழுந்த மச்சானின் வலது கால் மரத்துக்கும் வண்டியின் பக்கத் தகட்டுக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. அதன் மேல், கிழிந்த மூட்டைகளிலிருந்து உப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளை உப்பு சிவந்து கட்டியாகியது. பிளந்த சதைக்குள் உப்பு இறங்க, அந்த மனுஷன் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தேன். வார வார மேலிருந்து சரிந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை உடைந்த ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் காலடியில் அதை எறிந்துவிட்டு, வீல் ஸ்பேனரால் அவன் தோளில் போட்டேன். தடுத்த கையில் இன்னொன்று. விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. "பாத்துட்டுத்தானடா அனுப்புன" என்று கத்தினேன். ஆள்கள் என்னைச் சுவரோடு அமுக்கிப் பிடித்தார்கள்.

அவன் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் கிராஸை எடுத்து மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தான். கரும்பசை போனது. உள்ளே ஊசி பேரிங் இருந்த இடத்தில் செங்கல் பொடி மாதிரி துரு.

"நல்லா பாரு. ஊசியெல்லாம் மாவாயிருக்குது. இந்தச் செவப்புப் பொடி கப்பு ஓரத்துல வந்தாலே கிராஸ் செத்துதுன்னு அர்த்தம். சக்கரத்துக்குக் கல்லு குடுத்து, நியூட்ரல்ல போட்டு, ஷாஃப்ட்ட கையால முறுக்கியிருந்தா ஆடியிருக்கும். இது மேல கருப்ப பூசி மறைச்சது யாரு? தொடைச்சிட்டு கொண்டானு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன" என்றேன். பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மனைவி கஞ்சித் தூக்கோடு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வண்டி கெட்டுப்போச்சுன்னு ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் மச்சான் சொன்னார். "ஒண்ணுமே தெரியலம்மா. ஒரு சத்தமும் வரல. வந்திருந்தா மாப்ள பாக்காம விட்டிருப்பாரா?"

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். என்னால் முடியவில்லை. "வந்துது. உங்க அண்ணன் சொன்னாரு. நான்தான் டீக்கடையில வச்சி அவர அறைஞ்சேன்" என்றேன்.

அவள் எழுந்து தூக்கை ஓங்கி என் முகத்தில் அடித்தாள். புருவம் கிழிந்தது. சூடான கஞ்சி கழுத்தில் வழிந்தது. மறுபடி மறுபடி அடித்தாள். நான் கையை உயர்த்தவில்லை. நர்ஸ் வந்து பிடித்தபோது தூக்கைக் கீழே போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

கண்ணில் ரத்தம் வழிய மச்சான் கட்டிலருகே நின்றேன். "எனக்காக எதுக்கு மச்சான் பொய் சொன்னீங்க?" என்றேன்.

அவர் மூடியிருந்த கண்ணைத் திறக்காமல் சொன்னார். "உனக்காக யாரு சொன்னா? அவ உன்கூட இருந்து பொழைக்கணும்னு சொன்னேன்."